நெரெய்தாவின் மூக்குக்கு வந்த சோதனை

அடுத்த கூடத்தில் இருநூறு கத்திகள் ஒரே நேரத்தில் மரப்பலகையைத் தட்டின. சுருட்டு சுற்றுகிறவர்கள் இலை நறுக்கும் கத்தியால் அப்படித் தட்டினால், பெரிய மனிதர் யாரையோ வரவேற்கிறார்கள் என்று அர்த்தம். சுவைக்கும் அறையில் உட்கார்ந்திருந்த நெரெய்தாவின் நெஞ்சு அதைவிட வேகமாகத் தட்டிக்கொண்டது.

"வந்துட்டாரு அக்கா," என்றான் பக்கத்து நாற்காலியில் சுவைக்கிற ஒஸ்மானி. "மூக்கு எப்படி இருக்கு?"

"செத்துப் போச்சு. அடக்கம்தான் பாக்கி."

பத்து நாளாக ஜலதோஷம். மற்றவர்களுக்கு அது ஒரு கைக்குட்டையோடு போகிற விஷயம். ஹவானாவில் எங்கள் ஆலையில் சுருட்டைச் சுவைத்து மார்க் போடுகிறவளுக்கோ, பிழைப்பே போய்விடும்.

பதினேழு வயதில் சுற்றும் மேசைக்கு வந்தவள் நெரெய்தா. கணவன் ரொட்டிக்கடைக்காரி ஒருத்தியோடு ஓடிப்போன வருஷம்தான் சுவைக்கும் குழுவுக்குத் தேர்வானாள். "அவன் போனதும் வீட்டுல காத்து சுத்தமாச்சு, மூக்கு தெளிஞ்சுது," என்பாள். அழுததை யாரும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் மூன்று சுருட்டு, நடுநடுவே சர்க்கரை போடாத தேநீர். சுருட்டில் பெயர் இருக்காது. வெள்ளைக் காகிதப் பட்டையில் எண் மட்டும். இழுவை, எரிகிற விதம், மணம், ருசி என்று தனித்தனியாக மார்க் போட வேண்டும். அந்த மூக்கை நம்பித்தான் இரண்டு பெண்களை வளர்த்தாள்.

போன வாரம் அலுவலகம் தன் வழக்கப்படி, சுவைக்கிறவர்களைச் சோதிக்க ஒரே வகைச் சுருட்டை இரண்டு எண்களில் நுழைத்துவிட்டது. நெரெய்தா ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்று, மற்றதற்கு அறுபத்துநான்கு போட்டாள். அதனால்தான் இன்று தலைமை அலுவலகத்து அதிகாரி எவரிஸ்தோ வந்திருக்கிறார். இன்றும் தவறினால், நாளை முதல் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் வேலைதான்.

எவரிஸ்தோ மூன்று சுருட்டுகளை மேசையில் வைத்தார். "இதுல ரெண்டு ஒரே வகை. எதெதுன்னு சொல்லுங்க, போதும்."

அவள் முதல் சுருட்டைக் காதோரம் உருட்டினாள். அமுக்கினாள். நுனியை வெட்டி, தேவதாருச் சீவலால் பற்றவைத்தாள். மணமும் இல்லை, ருசியும் இல்லை; வாயில் வெறும் வெந்நீர் ஆவி வந்ததுபோல் இருந்தது. கடவுளைத் தேடித் தலையை நிமிர்த்தினாள். கடவுள் தெரியவில்லை, எவரிஸ்தோவின் இடது தோளில் காய்ந்துபோன வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தது. கைக்குழந்தை பால் கக்கிய கறை.

எங்கள் ஊரில் குளிப்பாட்டியதும் வயலட் தண்ணீர் என்ற வாசனை நீரைப் பூசாத குழந்தையை யாரும் பார்த்திருக்க முடியாது.

நெரெய்தா சுருட்டை மெல்லக் கீழே வைத்தாள். "மன்னிக்கணும் தோழரே. இந்த அறையில என்னால சுவைக்க முடியாது. நீங்க வாசனையோட வந்திருக்கீங்க."

"நானா? இன்னிக்கு எதுவுமே போடல. உங்க மூக்கு போயிடுச்சுன்னு சொன்னது சரிதான் போல."

ஒஸ்மானி கண்ணை மூடிக்கொண்டான்.

"நீங்க போட்டதுன்னு சொல்லலையே. வயலட் தண்ணி. கைக்குழந்தைக்குப் பூசுறது. இடது பக்கத் தோளுல."

எவரிஸ்தோ கழுத்தைத் திருப்பித் தன் தோளையே மோந்தார். கடுகடுத்த முகம் இளகிப் போயிற்று. "பேத்தி... பதினெட்டு நாள்தான் ஆச்சு. கெளம்பறப்போ ஒரு நிமிஷம் தூக்கினேன், அவ்வளவுதான்."

"அந்த ஒரு நிமிஷம் இப்ப என் சுருட்டுல ஏறி உக்காந்திருக்கு."

"எனக்கும் லேசா வந்துது தோழரே," என்றான் ஒஸ்மானி. "மரியாதைக்குச் சொல்லாம இருந்தேன்."

எவரிஸ்தோ சுவரில் ஒட்டியிருந்த விதித் தாளைப் பார்த்தார். சுவைக்கும் அறைக்குள் எந்த வாசனைப் பொருளும் கூடாது என்ற விதியின் கீழே இருந்தது அவர் கையெழுத்தேதான்.

"அப்ப போன வார மார்க்கு?"

"அன்னிக்கு யார் எந்தக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்களோ."

அவர் சிரித்துவிட்டார். மூன்று சுருட்டுகளையும் எடுத்துக்கொண்டார். "அடுத்த வியாழக்கிழமை வரேன். பேத்தியைத் தொடாம வரேன்."

"ஐயோ, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். தாராளமாத் தூக்குங்க. சட்டையை மட்டும் மாத்திட்டு வாங்க."

வாசலில் ஒரு கணம் நின்றார். "எனக்கே தெரியாத வாசனை," என்று வியந்தபடி வெளியேறினார். நெரெய்தாவின் முகம் தும்மலுக்குச் சுருங்குவதைப் பார்த்துவிட்ட ஒஸ்மானி, பாய்ந்துபோய்க் கதவைச் சாத்தினான்.