மோதினாரின் இலை

சாய்ந்தமருதில் மக்கீன் மோதினாரைத் தெரியாதவர் இல்லை. ஐந்து வேளையும் பாங்கு சொல்வார். பள்ளிவாசல் முற்றத்துப் பூவரசு கொட்டுகிற இலையைக் கூட்டுவார். யாராவது மௌத்தானால் தெருத்தெருவாக நடந்து அறிவிப்பார். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் காய்ச்சல் பரவியதில் அந்த நடைதான் கூடிப்போனது. ஒழுங்கையில் அவர் தலை தெரிந்தாலே, சாவைக் கொண்டுவருபவர் அவர்தான் என்பதுபோலப் பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். மனிதர் நொந்துபோனார்.

அந்தக் காய்ச்சல் அவர் மனைவி ஜுனைதாவையும் பிடித்தது. ஒரு மாதம் பாயில் கிடந்தாள். பிள்ளைகள் இல்லை. கஞ்சி காய்ச்சுவதும் இரவிரவாக நெற்றியில் ஈரத்துணி போடுவதும் அவர்தான்.

அந்த நிலையில், நோன்பு மாதத்துக்கு முந்திய மாதத்தின் நடுவில் வரும் விறாத்து இரவு வந்தது. ஏழாம் வானத்தின் எல்லையில் ஒரு மரம் நிற்கிறது, அதில் இலைக்கு ஒரு பெயர், விறாத்து இரவில் யாருடைய இலை உதிர்கிறதோ அவர் அடுத்த விறாத்தைக் காணமாட்டார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதனால் அன்று அந்தியில் மஃரிபு தொழுதுவிட்டுப் பள்ளியில் கூடி குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று தடவை ஓதுவோம். முதலாவது நீண்ட ஆயுளுக்கு, இரண்டாவது உணவுக்கு, மூன்றாவது துன்பம், முஸீபத்து நீங்க. வேண்டியவர்களை மனதில் நினைத்து ஓதவேண்டும். மரமாவது இலையாவது என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் நோயாளி கிடக்கிறவனுக்கு வாதாட நேரம் ஏது?

புறப்படும்போது ஜுனைதா அவர் கையைப் பிடித்து, முதலாம் யாசீனைத் தனக்காக ஓதச் சொன்னாள். சாகப் பயமாக இருக்கிறது என்று அழுதாள்.

மோதினார் பாய் விரித்தார், பாங்கு சொன்னார், தொழுதார், என் பக்கத்தில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்தார். ஓதத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலை தொங்கிவிட்டது. நான் தட்டி எழுப்பியிருக்கலாம். பாவம், தூங்கட்டும் என்று விட்டேன். என் இரக்கத்தில் இடி விழ. இரண்டாம் யாசீனுக்குக் குரல் உயர்ந்தபோதுதான் திடுக்கிட்டு விழித்து, எத்தனையாவது என்று கேட்டார். சொன்னேன். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

பொய் சொல்ல அவருக்கு வராது. வீட்டுக்குப் போய் உண்மையையே சொன்னார்.

"நித்திரையாப் பெய்த்தன், ஜுனைதா. உனக்கு ஓதல்ல."

அவள் கோபிக்கவில்லை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்து வந்து, தலைமாட்டில் இருந்து, அந்த யாசீனை அவளுக்காகவே முழுதாக ஓதி முடித்தார்.

ஜுனைதா எழும்பிவிட்டாள். நோன்பு மாதம் முடிவதற்குள் அடுப்படிக்கும் வந்துவிட்டாள்.

அதே வருடம் ஹஜ்ஜு மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை சுபஹுக்குப் பாங்கு கேட்கவில்லை. போய்ப் பார்த்தோம். பூவரசின் கீழ், பாதி கூட்டிய முற்றத்தில் மோதினார் விழுந்து கிடந்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. அந்த மௌத்தை அறிவிக்கத் தெருவில் நடக்க ஆளில்லாமல் நானே நடந்தேன். ஒரு தெருவுக்கே கால் ஓய்ந்துவிட்டது.

விதவையாகி வீட்டோடு இத்தாவில் இருந்த ஜுனைதாவைப் பார்க்க என் மனைவி நதீரா போனாள். அவளிடம்தான் ஜுனைதா இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள். கடைசியில் சொன்னது இது.

"என்ட உசிருக்கு அவர் ஓதினார். அவர்ர உசிருக்கு ஓத எனக்கு ஞாபகம் வரல்ல, புள்ள."

எனக்கும் வரவில்லை. பக்கத்திலேயே இருந்து, அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு, என் வீட்டார் பெயர்களைத்தான் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன்.