நான் விழுந்த மூன்று முறை

மயங்கி விழுந்தவளின் நாடியைப் பார்ப்பதற்கு முன் அவள் நெற்றியில் திருநீறு பூச வேண்டும் என்று நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? பட்டம் பெற்ற நானும் அதை மூன்று ஆண்டுகள் ஏன் துடைக்காமல் இருந்தேன்?

தாவரவியல் படித்து முடித்ததும் வனக்காப்பாளர் வேலைக்குத் தயாரானேன். எழுத்துத் தேர்வுக்குப் பிறகு நான்கு மணி நேர நடைத்தேர்வு உண்டு. கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? ஒரு பௌர்ணமி மாலை, செங்கம் சாலையை விட்டுப் பாதை திரும்பும் இடத்தில் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. கண் இருண்டது. விழுந்தேன்.

கண் திறந்தபோது பெண்கள் கைகூப்பி நின்றார்கள். தண்ணீர் கேட்டேன்.

"குடுக்காதீங்க, சாமி இன்னும் மலையேறல," என்றாள் ஒருத்தி.

இன்னொருத்தி என் காதருகே குனிந்தாள். "ஆத்தா, என் பொண்ணு கல்யாணம் இந்த வருஷமாவது ஆவுமா?"

"தண்ணி," என்றேன்.

"தண்ணின்னு சொல்லுது. ஆத்தோரத்து மாப்பிள்ளையா இருக்குமோ?"

அதை அவர்கள் பேசி முடித்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்ட பிறகே பாட்டில் வந்தது.

உடன் வந்திருந்தவர் அத்தை. அப்பாவின் அக்கா, அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவர். என்மேல் சாமி வந்ததாக மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அடுத்த முறை நான் வீட்டிலேயே விழுந்தேன். அன்று வெள்ளிக்கிழமை என்பதே போதுமான சான்றாயிற்று. எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு விரதம் என்று அத்தை விதித்தார். வெறும் வயிற்றோடு நடந்து பழகினேன். மருத்துவரிடம் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைச் சொல்லாமல் இருந்தேன். பெரியவர்கள் எழுந்து வழிவிடுவது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. அதில் பாதி என்மீதுதான்.

மூன்றாம் முறை நடைத்தேர்விலேயே விழுந்தேன். முடிக்க இரண்டு கிலோமீட்டர் இருந்தது. என் சட்டையிலிருந்த எண் அட்டையைக் கழற்றிக்கொண்டார்கள். வீட்டில் அழுதுகொண்டிருந்த என்னிடம் அத்தை மோரை நீட்டினார்.

"சாமிக்கு நீ காட்டு வேலைக்குப் போறது புடிக்கலடி. அதான் பாதியில நிறுத்திடுச்சு."

என் உழைப்பு, என் தோல்வி, என் உடம்பு எதுவுமே என்னுடையதில்லை என்பதை இவ்வளவு அன்பாகச் சொல்ல முடியுமா? மோரைத் தொடாமல் எழுந்தேன். மறுநாள் தனியே மருத்துவமனைக்குப் போனேன்.

இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவியை நெஞ்சில் ஒட்டி அனுப்பினார்கள். படிக்கட்டு ஏறும்போது படபடப்பு வந்தது. துடிப்பு இருநூறைத் தாண்டியிருந்ததைப் பதிவில் காட்டினார் மருத்துவர், என்னைவிடச் சில வயதே மூத்த பெண்.

"பொறந்ததிலேர்ந்தே உங்க இதயத்துல ஒரு குறுக்குப் பாதை இருக்குது. துடிப்பு அதுல மாட்டிக்கிட்டுச் சுத்துது. மூணு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"விரதம் இருந்தேன்."

அவர் சிரிக்கவில்லை.

தொடையின் இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, அந்தக் குறுக்குப் பாதையைச் சூட்டால் கருக்கிவிடலாம் என்றார். அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"கம்பிய உட்டா, வந்தது போயிடும்."

"போவட்டும் அத்தை. அதுக்குத்தான் போறேன்."

"வெள்ளிக்கிழம வர்றவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

நான் பிழைப்பேனா என்று அவர் கேட்கவில்லை. அப்பா வந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டார்.

இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு மணி நேரத்தில் தீரக்கூடியதற்காக மூன்று ஆண்டுகளையும் ஒரு வேலையையும் கொடுத்திருக்கிறேன். இரு வாரம் கழித்து மெதுவாக நடக்க அனுமதித்தார்கள். இரண்டு மாதத்தில் மலையை முழுதாகச் சுற்றினேன். முன்பெல்லாம் மேட்டில் என்னை நிறுத்திவைத்த படபடப்பு வரவே இல்லை. என் உடம்புக்கு வலுப் போதாது என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

சிகிச்சை முடிந்து ஓராண்டாகிறது. ஒரு முறைகூட விழவில்லை. இப்போது மலையைச் சுற்ற இரண்டரை மணி நேரம் ஆகிறது. அத்தை என்னோடு பேசுவதில்லை. வயது வரம்புக்குள் எனக்கு இன்னும் ஒரு தேர்வு மிச்சமிருக்கிறது, விண்ணப்பித்துவிட்டேன்.