எஸ்கெந்திர் முன்னால் வைத்த ஆட்டுத்தலை

எஸ்கெந்திர் தலைமுடிக்கு ஆட்டுக்கொழுப்பு தடவிக்கொள்வான். நகரத்துத் தைலம் கிடைக்காத இடங்களில் மட்டும்தான் என்று சொல்லிக்கொள்வான். நாங்கள் வருடத்தில் எட்டு மாதம் இருந்ததே அப்படிப்பட்ட இடங்களில்தான். லாரியின் முன்னிருக்கையில் ஓட்டுநருக்கும் அவனுக்கும் நடுவில் பதினான்கு வருடம் இடிபட்டுக்கொண்டு வந்தவள் நான். அந்த வாடை என் பழைய கோட்டை விட்டு இன்னும் போகவில்லை.

அரசாங்கக் கலைக்குழுவிலிருந்து பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டுக்காரர்களுக்கு நிகழ்ச்சி நடத்துவதுதான் எங்கள் வேலை. நான் பாடுவேன், அவன் பியானோ வாசிப்பான். பியானோவைக் கம்பளியில் சுற்றி, குதிரைமயிர்க் கயிற்றால் கட்டி, லாரியின் பின்னால் நிறுத்தியிருப்போம். பக்கப்பலகையை இறக்கிவிட்டால் அதுவே மேடை. இருநூறு கிலோமீட்டர் குலுங்கி வந்த பியானோவுக்குச் சுதி எங்கே இருக்கும்? ஒவ்வொரு ஊரிலும் அவனே திருகுச் சாவியை எடுத்து முறுக்கிச் சரிசெய்வான். அதில் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

பாட்டைக் கேட்க வந்தவர்களைவிட அவன் கூத்தைப் பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். பியானோவுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் கொண்டுபோய் வாசிப்பான். தடித்த கம்பளிக் கையுறையோடு வாசிப்பான். மூக்கால் வாசிப்பான். பண்ணைத் தலைவர் கூட்டத்தில் தூங்குகிற குறட்டையைக் கீழ்க்கட்டைகளிலும், அவர் மூக்கில் உட்கார்ந்த ஈயை மேல்கட்டைகளிலும் காட்டுவான். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தலைவருக்கு முகம் கறுக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். கறுத்தால் உடனே அது பக்கத்துப் பண்ணைத் தலைவருடைய குறட்டை ஆகிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தலைவருடைய மனைவியின் கையைப் பிடித்து முத்தம் கொடுப்பான். ஈரமான உதடு. அந்தப் பெண்கள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

வாசிக்கத் தெரியாதவன் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஒரு பிப்ரவரியில் லாரி பனியில் மாட்டி இரண்டு நாள் ஒரு காலித் தொழுவத்தில் கிடந்தோம். குளிருக்குக் கை விறைக்காமல் இருக்க அவன் பியானோவைத் திறந்து வாசித்தான். கூத்தில்லை, பல்லிளிப்பில்லை. ஓட்டுநர் அழுதார். நானும் அழுதேன். மூன்றாம் நாள் டிராக்டர் வந்து எங்களை இழுத்ததும் டிராக்டர்காரனுக்கு மூக்கால் வாசித்துக் காட்டினான். இவ்வளவு வைத்துக்கொண்டா இப்படிப் பிழைக்கிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கதை எங்களில் பாதிப் பேருடைய கதைதான். அப்பா முல்லா. முல்லாக்களைச் சிறையில் தள்ளிய காலம், முப்பதாம் வருடம் அரசாங்கத்தார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பஞ்சத்தில் ஊரைவிட்டு நடந்த வழியில் அம்மா போய்விட்டாள். அவன் கராகந்தியில் அநாதை விடுதியில் வளர்ந்தான். விடுதியில் எவனோ பணக்காரனிடமிருந்து பறித்துவந்த பியானோ ஒன்று இருந்ததாம். ரொட்டி கேட்டு அழாமல் இருப்பதற்காக அதைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்பான். பதினாறு வயதில் இசைப்பள்ளிக்கு விண்ணப்பம் எழுதினான். கைதியின் மகன் என்றால் சேர்க்கமாட்டார்கள் என்று தகப்பன் என்ற இடத்தில், '1932-இல் நோயால் இறந்தார்' என்று எழுதினான். பிறகு சண்டைக்காலத்தில் ஆஸ்பத்திரிகளில் காயம்பட்டவர்களுக்கு வாசித்தான், சினிமாக் கொட்டகை முகப்பில் படம் தொடங்கும்வரை வாசித்தான், கடைசியில் லாரியில் ஏறினான். எல்லா விண்ணப்பத்திலும் அதே வரிதான்.

அந்த வரிக்காக நான் அவனைத் திட்டப்போவதில்லை. பயந்த காலம் அது. என் அக்கா புருஷனைத் தெரியவே தெரியாது என்று நானும்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

போகிற பண்ணையில் எல்லாம் ஆடு அடிப்பார்கள். வெந்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து முக்கியமான விருந்தாளி முன்னால் வைப்பார்கள். அவர் ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டுக்கொண்டு, பெரியவர்கள் சொல் கேட்கட்டும் என்று காதைப் பிள்ளைகளுக்கு அறுத்துக் கொடுத்து, தலையைத் திருப்பித் தரவேண்டும். ஆனால் அப்பா உயிரோடு இருக்கிறவன் தலையைத் தொடமாட்டான். தொட்டால் அப்பாவைச் சாகச் சொல்வதற்குச் சமம். எஸ்கெந்திர் அநாதை என்று ஊருக்கே தெரியும். ஆகவே தலை அவனுக்குத்தான் வரும். அதையும் ஒரு கூத்தாக்கிச் சிரிக்கவைப்பான்.

அறுபத்தொன்றாம் வருடம் மார்ச்சில் ஒரு கிழவர் நகரத்தில் எங்கள் குழுவின் அலுவலகத்துக்கு வந்தார். காலில் கம்பளி பூட்ஸ், கையில் ஒரு பை நிறைய உலர்ந்த தயிர்க்கட்டி. பெயர் மூசாபெக் என்றார். நான் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

"எஸ்கெந்திர்னு ஒரு பிள்ள இங்க வாசிக்கிறானாமே, கண்ணு. ரேடியோல பேர் சொன்னாங்க."

"ஆமா பெரியவரே. நீங்க யாரு?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அவனப் பெத்தவன். உள்ள இருந்து வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல, அவனுக்கு இடைஞ்சல் ஆயிடக் கூடாது பாரு. ஒரு வாட்டி அவன் வாசிக்கிறதப் பாத்துட்டுப் போயிடறேன்."

நான் உள்ளே ஓடினேன். எஸ்கெந்திர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"வெளியூர் போயிருக்கேன்னு சொல்லு."

"உங்கப்பாவா அது?"

"சொல்லு ரைகான், உன் கால்ல விழறேன். அரசாங்கக் கலைஞர் பட்டத்துக்கு என் பேர் மேல போயிருக்கு. இத்தன வருஷமா பொய் எழுதியிருக்கான்னு தெரிஞ்சா பட்டமும் போச்சு, வேலையும் போச்சு."

நான் வெளியே போய்ச் சொன்னேன். கிழவர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பையை என் மேசைமேல் வைத்துவிட்டு, "அவனுக்கு இது பிடிக்கும்" என்று போய்விட்டார். எஸ்கெந்திர் அன்று சாயங்காலமே அதில் பாதியைத் தின்று தீர்த்தான்.

ஜூனில் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும் காலம். பல்காஷுக்கு இந்தப்பக்கம் ஜானா-திலெக் என்ற பண்ணையில் எங்களுக்கு நிகழ்ச்சி. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிற குழுவிலிருந்து ஒருவர், தோல்பையும் மூக்குக்கண்ணாடியுமாக, எங்களுடனேயே வந்தார். லாரிப் பலகையை இறக்கினோம். முன்வரிசையில், தரையில் விரித்த கம்பளத்தில் மூசாபெக் உட்கார்ந்திருந்தார். அவர் அந்தப் பண்ணையில் தொழுவக் காவல்காரராம். எங்களுக்கு எப்படித் தெரியும்?

எஸ்கெந்திர் பார்த்துவிட்டான். ஒரே ஒரு கட்டையைத் தவறாக அழுத்தினான், அவ்வளவுதான். பிறகு முதுகைக் காட்டி வாசித்தான், கையுறையோடு வாசித்தான், மூக்கால் வாசித்தான். கிழவர் பல்லில்லாத வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மகன் மூக்கால் வாசிப்பதைப் பார்க்கவா அந்த மனிதர் உயிரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்?

நடுப்பகலில் பண்ணைத் தலைவர் ஒர்மானின் கூடாரத்தில் விருந்து. பஞ்சமும் சண்டையும் போக மிச்சமிருந்தவர்களில் அறுபதைத் தாண்டிய ஆண் அந்தப் பண்ணையில் மூசாபெக் ஒருவர்தான். ஆகையால் காவல்காரராக இருந்தாலும் வாசலுக்கு எதிர்ப்புறம், பெரியவர்கள் இடத்தில், அவரை உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்திலேயே எஸ்கெந்திர். அவனை அடுத்துத் தோல்பைக்காரர். முறைப்படி தலை கிழவருக்குப் போகவேண்டும். ஒர்மான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கிழவரையும் நகரத்துக் கலைஞனையும் மாறி மாறிப் பார்த்தார். தோல்பைக்காரர் எஸ்கெந்திர் பக்கம் தாடையை ஆட்டினார். தட்டு எஸ்கெந்திர் முன்னால் வந்தது.

"கேக்கணும்னு ஒரு முறை இருக்கு, தப்பா நெனைக்காதீங்க தம்பி" என்றார் ஒர்மான். "அப்பா இருக்காரா?"

அவன் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. 'பெரியவர் இருக்கும்போது எனக்கா?' என்று அந்தத் தட்டை ஒரு முழம் தள்ளியிருந்தால் போதும். எந்தத் தோல்பைக்காரனுக்கும் சந்தேகம் வந்திருக்காது. என்ன மரியாதை தெரிந்த பிள்ளை என்று ஊரே மெச்சியிருக்கும். நான் அவனையே பார்த்தேன். தள்ளு, தள்ளு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"அவர் முப்பத்திரண்டுலயே போயிட்டார்" என்றான் எஸ்கெந்திர்.

"ஆமா, விண்ணப்பத்துலயும் அப்படித்தான் இருக்கு" என்றார் தோல்பைக்காரர், வாய் நிறையக் கறியோடு.

அத்தோடு நிறுத்தினானா? பயத்தில் அவனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், சிரிக்கவைப்பது. கத்தியை வாங்கினான். கன்னத்தில் ஒரு துண்டு அறுத்துத் தின்றான். காதை அறுத்தான். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற காதைக் கிழவர் பக்கம் நீட்டினான்.

"இந்தாங்க தாத்தா, காது. இனிமே பெரியவங்க சொன்னபடி கேட்டு நடக்கணும், சரியா?"

கூடாரமே அதிர்ந்தது. ஒர்மான் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கிழவர் இரண்டு கையாலும் அந்தக் காதை வாங்கிக்கொண்டார். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லை ஏன் வம்புக்கு இழுக்கவேண்டும்? கல் இப்படிப் பல்லைக் காட்டாது. அவர் அந்தக் குருத்தெலும்பைப் பொக்கை வாயில் வெகுநேரம் மென்றார். நான் கறியைத் தொட முடியாமல் புளித்த குதிரைப்பாலைக் குடித்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் வயதில் பெரியவர் ஆசி சொல்லவேண்டும். "சொல்லுங்க மூசாபெக் ஐயா. கலைஞர் தம்பிக்கு நல்லதா நாலு வார்த்தை" என்றார் ஒர்மான். கிழவர் உள்ளங்கைகளை விரித்தார். நாங்கள் எல்லோரும் விரித்தோம். எஸ்கெந்திரின் கையிலிருந்து கொழுப்பு மணிக்கட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"இந்தத் தலைய வாங்கின பிள்ள நோய்நொடி இல்லாம இருக்கட்டும்" என்றார் அவர். குரல் நடுங்கவில்லை. முல்லாவாக இருந்தவர் அல்லவா. "அவன் கை ஓயாம இருக்கட்டும். கேட்ட பட்டம் கெடைக்கட்டும். அவனப் பெத்தவன் முப்பத்திரண்டுலயே போயிட்டான்னு சொன்னான். அவன் படுத்திருக்கிற குழியில வெளிச்சம் இருக்கட்டும். மண்ணு அவனுக்கு மெத்துன்னு இருக்கட்டும். பிள்ளமேல அவனுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லாம போகட்டும்."

"ஆமின்" என்று எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். எஸ்கெந்திரும் தடவிக்கொண்டான். உயிரோடு உட்கார்ந்திருந்த மனிதரை அவர் வாயாலேயே ஓதவைத்துப் புதைத்தோம். நானும் ஆமின் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

லாரியில் ஏறி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். எஸ்கெந்திர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"பாத்தியா ரைகான், அவர் கோவிச்சுக்கவே இல்ல."

"செத்தவங்க கோவிச்சுக்க மாட்டாங்க" என்றேன்.

அவன் சிகரெட்டை வெளியே எறிந்தான். முகத்தைச் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டான். அழுதானா என்று தெரியாது. இவனுக்குச் சுரணை வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த பண்ணையில் மறுநாள் மத்தியானம் ஆடு அடித்தார்கள். தலையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்கள். தோல்பைக்காரர் முந்தின நாளே நகரத்துக்குத் திரும்பிவிட்டார். எங்களை யாரும் கவனிக்கவில்லை. எந்தப் பயத்துக்கும் அங்கே வேலையில்லை. 'எனக்கு வேண்டாம்' என்ற இரண்டு வார்த்தைக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழக்கம்தான். கத்திக்குக் கையை நீட்டினான். காதை அறுத்துப் பக்கத்திலிருந்த கிழவர் ஒருவரிடம் கொடுத்து, நேற்றுச் சொன்ன அதே வேடிக்கையைச் சொன்னான். ஜனங்கள் சிரித்தார்கள். அது நன்றாக எடுபடுகிறது என்று கண்டுகொண்டான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம், பட்டம் வந்த பிறகும், மூசாபெக் நிஜமாகவே செத்துப்போனார் என்று ஒர்மான் எனக்குக் கடிதம் எழுதிய பிறகும், ஒவ்வொரு பண்ணையிலும் அந்தக் காதைக் கொடுத்தான், அந்த வேடிக்கையைச் சொன்னான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கறி தின்றேன்.