தலைமை: முன்னாள் அமைச்சர்

மாலை ஆறு மணி பத்து நிமிடம். மேடையில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பெரிய மர நாற்காலி. அதன் முதுகில் வெள்ளைத் துண்டு விரித்திருந்தார்கள். ஒரே ஆள் நடிக்கும் நிகழ்ச்சிக்கு அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளின் ஆயுத பூஜை விழா. நடிக்க வந்தவர் அங்கேயே வெல்டர். தேர்தலில் தோற்ற எங்கள் பகுதி அமைச்சரை அப்படியே நடித்துக் காட்டுவார். பதவி போன பிறகும் டீக்கடையில் நிற்கும் நாலு பேருக்கு மாநாட்டுக் கையசைப்பு. அதற்குப் பட்டறையே சிரித்து உருளும். பத்திரிகையில் ஒரு செய்தி வந்தால் சேலம் பொருட்காட்சியில் வெல்டருக்கு ஒரு மாலை நிகழ்ச்சி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளூர் நிருபர். எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

"நாற்காலி யாருக்குங்க?" என்று விழாச் செயலாளரைக் கேட்டேன்.

"மாஜி அமைச்சருக்குத்தானுங்க. தலைமை தாங்க வாராரு. நம்மூர்க்காரரு, அவருகிட்டச் சொல்லாம அவரைப் பத்தி நடிச்சா மரியாதைங்களா?"

வெல்டர் தலையில் கைவைத்தார். "ஏனுங்க, அவரை உக்கார வெச்சுக்கிட்டு நானு எப்புடிங்க அவராட்டம் நடிக்கிறது?"

"எப்பவும் போலத்தான் சாமி."

எப்பவும் போல நடக்கவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் கூட்டம் முதலில் நாற்காலியைப் பார்த்தது. முன்னாள் அமைச்சர் அதில் உதட்டை மூடியபடி இருந்தார், ஒருவரும் சிரிக்கவில்லை. கையசைப்பு வந்ததும் அவர் எழுந்தார்.

"தம்பி, நானு அப்புடி ஆட்டமாட்டனப்பா. இங்க பாரு."

தானே அசைத்துக் காட்டினார். பந்தல் அதிர்ந்தது. அதே வேகத்தில் மைக்கை வாங்கி, காவிரித் தண்ணீர் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அதே மாதிரித் துண்டைத் தோளில் போட்டிருந்த வெல்டர் பக்கத்தில் நின்றார். இறங்கவும் முடியவில்லை, நடிக்கவும் முடியவில்லை.

நான் நடிப்பைப் பற்றியே மூன்று பக்கம் எழுதினேன். பேச்சுக்கு ஒரு வரி. கவரை சேலம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். காலையில் செய்தி வந்தது. நடிப்பை முழுக்க வெட்டிவிட்டு, என் ஒரு வரியை வைத்துத் தலைப்பிட்டிருந்தார்கள்: காவிரி நீர், முன்னாள் அமைச்சர் பேச்சு. ஆசிரியர் குழுவுக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடித்தேன். "வெல்டர் நடிச்சதெல்லாம் செய்தியாய்யா?" என்றார்கள்.

பொருட்காட்சியில் அந்த மாலை நிகழ்ச்சியை ஒரு மெல்லிசைக் குழுவுக்குக் கொடுத்தார்கள்.