கடை வைத்துக் கொடுப்பது

சுவிஸின் துன் நகரில் அக்காவின் கணவர் நடத்திய பலசரக்குக் கடையில் பல வருடங்கள் வேலை செய்தேன். "பேர்ணில இரண்டாவது கடை போடேக்கை அது உனக்குத்தான்" என்று அத்தான் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அந்தச் சொல்லை நம்பித்தான் பனிக்குள் நின்று மரக்கறிப் பெட்டிகளை இறக்கினேன்.

பக்கத்துக் கடை நைஜீரியாவிலிருந்து வந்த இக்போ மனிதர் ஒருவருடையது. கிழங்கு, துணி, பொய்முடி எல்லாம் விற்பார். அவருடைய ஊரவன் ஒருவன், முப்பது வயதிருக்கும், அவரிடம் தொழில் பழகினான். இங்கத்தைய சட்டப்படி சம்பளம் கொடுத்தாலும் தங்களுக்குள் வேறொரு பேச்சு இருக்கிறது என்று அந்த மனிதர் ஒருநாள் தன் அரைகுறை ஜெர்மனில் விளக்கினார். பழகும் காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்குத் தனிக்கடை வைத்துக் கொடுக்க வேண்டும். அவரையும் ஒருவர் அப்படித்தான் நிமிர்த்திவிட்டாராம்.

"கொடுக்காவிட்டால்?" என்று கேட்டேன்.

"ஊரில் தலைகாட்ட முடியாது" என்றார்.

அவர் கொடுத்தார். பீல் நகரில் அந்தக் கடை திறந்த அன்று நானும் போயிருந்தேன். தங்கள் வழக்கப்படி கோலாக் கொட்டையை உடைத்து எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். பிறகு அந்த மனிதர் கடைக் கதவின் திறப்பை அவன் கையில் வைத்து, பீலில் இருந்து தன்னிடம் வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்களிடம் இனி இவனிடம் வாங்குங்கள் என்றார். தனக்குப் போட்டியாக ஒருவனைத் தானே உருவாக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றவரைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே கேட்டேன்.

"அத்தான், பேர்ண் கடை எப்ப திறக்கிறம்?"

"வாற மாதம். பாரிசில இருந்து என்ர தம்பி வாறான். அவன் பாப்பான்."

"அது எனக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"நீ எங்கட ஆள்தானே. வீட்டாளுக்கு என்னத்துக்குத் தனிக்கடை?"

அக்கா கறிவேப்பிலையைப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தேன். "இப்ப ஏன் உந்தக் கதை?" என்றாள், நிமிராமலே.

பேர்ண் கடைத் திறப்பு விழாவில் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அத்தான் எனக்குச் சொன்னது அவர்களில் பலருக்குத் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எந்தச் சரக்கை எங்கே எடுப்பதென்று அந்தத் தம்பிக்கு நானே பழக்கினேன். பழக்கி முடித்ததும் வேலையை விட்டேன்.

இப்போது ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் காலைச் சாப்பாடு அடுக்குகிறேன். போன கிழமை அக்கா அழைத்தாள்.

"அவனால சமாளிக்க ஏலாதாம். நீ பேர்ணுக்கு வாறியோ?"

"கடை எனக்கோ?"

"உதவிக்குத்தான் அத்தான் கேக்கிறார்."

வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான் எப்படி இருக்கிறேன் என்று அவள் கேட்கவேயில்லை.