மழை நாளில் மட்டும் சாகும் போன்

தொலைபேசிக் கம்பெனியின் பதுளை அலுவலகத்தில் நான் பழுது பார்க்கும் ஃபோல்ட் பிரிவில் இருந்தபோது, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது. பள்ளத்தில் இருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான பணிய லயத்தில், பாக்கியம் அக்கா வீட்டு இன்டர்நெட் போன் மழை நாளில் மட்டும் வேலை செய்வதில்லை. நான் போகிற நாளில் வெயில் அடிக்கும். போனும் ஒழுங்காக வேலை செய்யும்.

அந்த போனை நம்பித்தான் லயமே இருந்தது. பின்னால் மண் சரிகிற மலை. கைபேசிச் சிக்னல் அங்கே கிடைக்காது. மழை கூடினால் தோட்ட ஆபீசிலிருந்து அக்காவுக்குத்தான் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரர் தப்புப் பறையை அடித்து எல்லாருக்கும் தெரிவிப்பார். சனம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். கடைசி மழையில் போன் கிடைக்காமல், ஆபீஸ் ஆள் ஒருவர் வழுக்குகிற படிகளில் ஓடி வந்து சொன்னாராம். அக்கா வெறுத்துப்போய், போனைத் திருப்பிக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் மெனேஜருக்கு வேறு கவலை. "இந்த மாசம் நெறயப் பேர் கட் பண்ணிட்டாங்க. எப்படியாவது பேசி வச்சிக்கச் சொல்லுங்க," என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. வேலை செய்யாத போனை எந்த வாயால் வைத்துக்கொள்ளச் சொல்வது?

நான் போனபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"வாங்க தம்பி. கழட்டிக்கிட்டுப் போயிருங்க. இந்தச் சனியன நம்பி நாங்க மண்ணுக்குள்ள போகணுமா?" என்றார் அக்கா.

நான் வாயைத் திறப்பதற்குள் தூரத்தில் இடி கேட்டது. அக்கா திட்டுவதை நிறுத்தாமலே எழுந்து டிவி, ஃபிரிட்ஜ், கடைசியாக அந்த போனை இயக்கும் ரூட்டர் என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, போன நீங்களே கொன்னுட்டு எங்க மேல பழி போடுறீங்களே!"

"இடி இடிச்சா புடுங்காம? மேல் லயத்துல எத்தன டிவி கருகிப் போச்சு தெரியுமா? பழைய போனுக்கு பிளக்கா இருந்துச்சு?"

அதுவும் சரிதான். பழைய போன் தன் கம்பியில் வந்த கரண்டிலேயே ஓடியது. இதற்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். பொருத்த வந்தவர்கள் அதைச் சொல்லவே இல்லை.

வேனிலிருந்து ரூட்டருக்கான சின்ன பேட்டரிப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினேன். இந்த போனுக்கு வரும் ஃபைபர் வெறும் கண்ணாடி இழை, அது வழியாக மின்னல் வராது. பிளக்கைப் பிடுங்கினாலும் சில மணி நேரம் போன் ஓடும் என்றேன். அக்கா நம்பவில்லை. பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே தோட்ட ஆபீசுக்குப் பேசிப் பார்த்தார்.

"சரி, ஒரு மழை பாக்குறேன். வச்சிக்கிறதா வேணாமான்னு அப்புறம் சொல்றேன்."

அந்த மழை ஐப்பசியில் வந்தது. மறுநாள் காலை, பள்ளிக்கூட டீச்சரின் கைபேசியிலிருந்து அக்கா பேசினார்.

"தம்பி, நேத்து பிளக்கெல்லாம் புடுங்கின பொறகுதான் ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. எல்லாரும் ஸ்கூல்ல இருக்கோம். என் வீடு மண்ணுக்குள்ள போயிருச்சு."

யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டேன்.

"ஆளுக எல்லாம் பத்திரமா இருக்காங்க. எங்களுக்கு எங்க எடம் குடுப்பாங்கன்னு தெரியல. எங்க குடுத்தாலும் அதே மாதிரி போன அங்க போட்டுத் தரணும்."

புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாராவது போன் வேண்டாம் என்றால் உடனே பேக்கேஜ், சலுகை என்று பேசாதீர்கள். அது எந்த நேரத்தில் அவர்களைக் கைவிடுகிறது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த நேரத்திலேயே அந்த வீட்டுக்குப் போங்கள்.