என் கை அளவுக் குழி

மகனின் நெஞ்சு நடுவில் விழுந்திருக்கும் குழியில் என் உள்ளங்கையின் அடிப்பாகம் அப்படியே பொருந்தும். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது, தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் காலை நீட்டிப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள் நான்தான். மூக்கைப் பிடித்துவிட்டேன், தலையை உருட்டிவிட்டேன், நெஞ்சையும் நீவிவிட்டேன். முதல் பிள்ளை; எவ்வளவு அழுத்துவது என்று எனக்கென்ன தெரியும்? குழி தெரிய ஆரம்பித்ததும், அழுத்திக் கெடுத்தவள் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகு யார் பிள்ளையையும் குளிப்பாட்ட நான் போனதில்லை. "ரொம்பத்தான் கிராக்கி பண்றா" என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன வருஷம், பதினாலு வயதில் அவன் நெடுநெடுவென்று வளர, குழியும் ஆழமானது. ஓடினால் மூச்சு வாங்கியது. ஹாலிஎலயில் பஸ் ஏறி மூவரும் பதுளைக்கு கிளினிக் போனோம்.

அங்கே எனக்குத் தலையே சுற்றிவிட்டது. படிக்கிற டொக்டர்மார் இருவர் முதலில் பார்த்தார்கள். கிண்ணம்போல வட்டக் குழி என்றார் ஒருவர். இல்லை, தட்டுபோல அகலமான குழி என்றார் மற்றவர். பெரிய டொக்டர் அம்மா வந்து விரலால் தடவி, ஸ்கேன் படத்தையும் பார்த்துவிட்டு, நீளக் குழி, அதுவும் வலப்பக்கம் சரிந்தது என்று எழுதினார். தேயிலை மலையில் தண்ணீர் ஓட வெட்டும் கான்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரே நெஞ்சுக்கு மூன்று பெயர். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வட்டம் என்றால் என் கைதான். நீளம் என்றால்? நீவும்போது கை நீளமாகத்தானே போகும்? ஐயோ, அதுவும் நான்தான்.

"டொக்டர், இதுல எந்த வகை கை அழுத்தினா வரும்?" என்று கேட்டேவிட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "கை அழுத்தி எந்த வகையும் வராதும்மா. இது கூடவே பிறக்கிறது." பிறகு என் புருஷனிடம், "நீங்க கொஞ்சம் சட்டையக் கழட்டுங்க" என்றார்.

புருஷனின் நெஞ்சு முன்னால் புடைத்திருக்கும். பெண் பார்க்க வந்தபோது, நிமிர்ந்து நிற்கிற மாப்பிள்ளை என்று எங்கள் வீட்டில் பெருமைப்பட்ட நெஞ்சு அது. "இதுவும் அதே கூட்டந்தான். ஒரே குடும்பத்துல ஒருத்தருக்கு மேடு, ஒருத்தருக்குக் குழின்னு வரும்" என்றார் டொக்டர். மேடும் குழியும் எப்படி ஒரே கூட்டமாகும்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மகனுக்கு இப்போதைக்கு மூச்சுப் பயிற்சி போதும் என்றார்கள். திரும்பும்போது பஸ்ஸில் புருஷன் கேட்டார்: "இத்தன வருசமா இதையா மனசுல வச்சிருந்த?"

"ஆமாங்க" என்றேன். அழுகை வந்தது.

போன வாரம் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெண் தன் பிள்ளையைக் கொண்டுவந்து, "அக்கா, நீங்க குளிக்க ஊத்திவிடுங்க" என்றாள். மறுக்க எனக்குக் காரணம் இல்லை. காலை நீட்டி உட்கார்ந்தேன். கை, கால், தலை எல்லாம் தேய்த்தாயிற்று. நெஞ்சுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

தண்ணீர் கொண்டுவந்த மகன் பார்த்துவிட்டான். பக்கத்தில் குந்தி, "தேய்ம்மா, ஒண்ணும் ஆகாது" என்றான்.

தேய்த்தேன். ஒற்றை விரலால்தான்.